நாலாவது புள்ளிக்கு முன்

மெம்ஃபிஸ்
22 ஆகஸ்ட் 1878

இல்லை வின்னி, பாஸ் தொலையவில்லை. யாரும் பறித்துக்கொள்ளவும் இல்லை. நான்தான் கொடுத்தேன்.

அது அமோஸ் தன் மேலதிகாரியிடம் கெஞ்சி வாங்கிய ரயில் பாஸ் என்று தெரியும். நீ நல்ல தொப்பி போட்டுக்கொண்டு, உங்கள் ஊர் ஸ்டேஷனில் எனக்காக நின்றிருப்பாய் என்பதும் தெரியும். உன் தங்கை இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறொருத்தி இறங்கினாள். அவளை நீ முறைத்திருப்பாய்.

அவள் பெயர் லவீனியா. எங்கள் தலைமைத் தந்தியாளர் எலைஷா பர்டெட்டின் மனைவி. முதல் குழந்தை. மஞ்சள் காய்ச்சல் என்ற சொல் பேப்பரில் வந்த மறுநாள் மொத்த ஊரும் ரயிலடிக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஆட்களைத் திணித்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், பாஸ் கையில். வெளியே பர்டெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

எழுந்து இறங்கினேன். நல்லவள் என்பதால் இல்லை; அப்படி அம்மாவுக்கு எழுதிவிடாதே. உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் ஒரே எண்ணம் குடைந்தது: எல்லோரும் போன பிறகு இந்த ஊர் எப்படி இருக்கும்? பார்க்காமல் போகிறேனே.

இப்போது பார்க்கிறேன். தெருமுனைகளில் தார் பீப்பாய் எரிகிறது. வாசல்களில் சுண்ணாம்பு. படுக்கைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிறார்கள். இறகு பறக்கிறது, பனி போல. அலுவலகத்தில் அத்தனை மேஜையும் காலி. பர்டெட்டும் நானும் மட்டும்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து வருடம் முன்பு வந்த காய்ச்சலில் எனக்கு ஒரு முறை வந்துவிட்டது. வந்தவர்களுக்குத் திரும்ப வராது என்கிறார்கள்.

ஆக்னஸ்


ப்ளம் க்ரீக், கென்டக்கி
29 ஆகஸ்ட்

ஆக்னஸ்,

அப்போது உனக்கு வந்தது தட்டம்மை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் நான். எனக்கும் வந்தது.

உன் கடிதம் இங்கே வந்த கோலத்தைக் கேள். தபால்காரர் இடுக்கியால் பிடித்துக்கொண்டு வந்தார். கந்தகப் புகையில் போட்டு எடுத்து, புகை உள்ளே போகவேண்டும் என்று ஊசியால் நெடுக ஓட்டை குத்தியிருக்கிறார்கள். "நல்லவள்" என்பதற்கு நடுவில் ஒரு ஓட்டை. பொருத்தமாகத்தான் இருந்தது.

நான் முறைத்தேன். ஆமாம். தொப்பியும் போட்டிருந்தேன். அவள் முதலில் சொன்னது, "நீங்கதான் வின்னியா? உங்க தங்கச்சி மன்னிச்சுக்கச் சொன்னா." நீ சொல்லச் சொன்னாயா, அவளாகச் சொன்னாளா? இன்றுவரை எனக்குத் தெரிய ஆசை.

மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். ஊறுகாய் ஜாடியைக் காலி செய்கிறாள். ஊர்க்காரர்களுக்கு அவள் இருப்பது பிடிக்கவில்லை. ஸ்டேஷனில் துப்பாக்கியோடு ஆள் நிற்கிறது, தெற்கிலிருந்து வரும் ரயில் நிற்காமல் போகும்படி. அவள் வந்த ரயில்தான் கடைசியாக நின்றது.

தினமும் மாலை ஏழு மணிக்கு மாடியிலிருந்து கீழே ஸ்டேஷன் அறைக்கு வந்து தந்திக் கருவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். உங்கள் கம்பி எங்கள் வழியாகத்தானே போகிறது, நீங்கள் தட்டுவது அத்தனையும் இங்கேயும் தட்டும். அவளுக்குத் தந்தி எழுத்து ஒன்றும் தெரியாது. பிளாட்பாரத்தில் புருஷன் சொல்லியனுப்பினாராம்: "எழுத எனக்கு வராது, லவ்வி. ஏழு மணிக்கு என் குறியக் கேளு. வந்தா நான் இருக்கேன்." ஊரார் வார்த்தைகளையே நாள் முழுக்க அனுப்புகிறவருக்குத் தன் வார்த்தை வராதுதான் போல. அதனால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். "அவரு இருக்காரா?" என்பாள். அவர் குறியான இசட் என்ற எழுத்து வந்ததும் நான், "இருக்காரு" என்பேன். மேலே போய்த் தூங்கிவிடுவாள்.

கல்யாணத்துக்குப் பிறகு கருவி அமோஸ் கையில்; என் காதுக்கு இது ஒன்றுதான் வேலை. நான் கேட்பதற்குப் பதில் எழுது. ஹான்லன் கடை திறந்திருக்கிறதா? தேவாலய மணியை யார் அடிக்கிறார்கள்? எதிர்வீட்டு ஆடு என்ன ஆயிற்று? ரொட்டி எங்கே வாங்குகிறாய்? இரவில் என்ன சத்தம் கேட்கிறது? கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் தெரியவேண்டும்.

வின்னி


மெம்ஃபிஸ்
4 செப்டம்பர்

வின்னி,

ஹான்லன் கடை மூடியிருக்கிறது. கதவில் "திரும்பி வருவேன்" என்று எழுதி, கீழே வேறு யாரோ "எங்கிருந்து?" என்று எழுதியிருக்கிறார்கள்.

மணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. ஒவ்வொரு சாவுக்கும் அடித்தால் மீதிப்பேர் அதைக் கேட்டே சாவார்கள் என்று.

ஆடு வங்கிக்குள் இருக்கிறது. கவுன்ட்டருக்குப் பின்னால், காசாளர் நிற்கும் இடத்தில். பழைய காசாளரைவிட மரியாதையாகப் பார்க்கிறது.

ரொட்டி ஜோனா கொண்டுவருகிறார். நிவாரணக் கிடங்கைக் காவல் காக்கும் கறுப்பர் படையில் இருக்கிறார். வெள்ளைக்காரப் போலீஸ் பாதி ஓடிவிட்டது, மீதி படுத்துவிட்டது. அவர் சீருடை தைத்தவனும் ஓடிவிட்டதால் ஒரு கைக்குப் பொத்தான் இல்லை. "ஊர் சாவி இப்ப எங்கிட்டதாம்மா இருக்கு. வாங்கறதுக்குத்தான் ஆள் இல்ல," என்றார்.

இரவில் கேட்பது: தவளை. வண்டிச் சக்கரம். கொசு. மற்றபடி, சத்தம் இல்லாததும் ஒரு சத்தம். அதை எப்படி எழுதுவது என்று யோசிக்கிறேன். ஒரு பெரிய வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல.

தெற்கே ஒரு ஸ்டேஷனில் தந்தியாளர் காய்ச்சலில் இறந்துவிட்டார். நீ கேட்டிருப்பாய். அப்பா நமக்குக் கற்றுக்கொடுத்த அதே முறைதான் நடந்தது. அவர் குறி, பிறகு முப்பது. தினமும் வேலை முடிந்தது என்பதற்கு அனுப்புகிற அதே முப்பது. வரிசையில் ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் குறியைத் திருப்பித் தந்தது. அதற்குப் பிறகு அந்த எழுத்தை யாரும் தொடவில்லை. இத்தனை நாள் அது வெறும் எழுத்தாக இருந்தது என்பதை நம்ப முடியவில்லை.

மன்னிப்பு நான் சொல்லியனுப்பியதுதான்.

பர்டெட்டுக்கு இன்று தலைவலி. வெயில்.

ஆக்னஸ்


ப்ளம் க்ரீக்
11 செப்டம்பர்

ஆக்னஸ்,

ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் சொல்.

பர்டெட்டின் குறி இசட். மூன்று புள்ளி, சின்ன இடைவெளி, நாலாவது புள்ளி. நாலாவதற்கு முன்னால் அவர் எப்போதும் கொஞ்சம் தயங்குவார். ஏதோ மறந்துபோய் நினைவு வந்தது போல. ஒரு நாள் நீளமாக, ஒரு நாள் குட்டையாக. அடுப்பில் சட்டி வைத்திருந்தாலும் அந்தத் தயக்கத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஐந்தாறு நாளாகத் தயக்கம் எல்லா மாலையும் ஒரே அளவில் இருக்கிறது. அளந்து வைத்த தயக்கம்.

அவர் தயங்குவது அவருக்கே தெரியாது. இப்போது தட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் அது?

எனக்கு ஒரு கை ஞாபகம் வருகிறது. நம் வீட்டுச் சமையலறை மேஜையில் கரண்டியால் அப்பாவின் தட்டலைக் கேலி செய்து காட்டிய கை. எட்டு வயது. எல்லாம் சரியாக இருக்கும், கொஞ்சம் அதிகச் சரியாக.

நேற்றும் லவீனியா, "இருக்காரா?" என்றாள். இருக்காரு என்றேன். நான் சொன்னது உண்மையா, பொய்யா? கம்பியில் கேட்க முடியாது. வரிசை முழுக்கக் கேட்கும், அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் இந்தப் புகைபோட்ட தபாலை நம்புகிறேன்.

வின்னி


மெம்ஃபிஸ்
17 செப்டம்பர்

வின்னி,

இங்கே தந்திக்கு மின்சாரம் தரும் பேட்டரி ஜாடிகளுக்கு மயில்துத்தம் தீர்ந்துகொண்டு வருகிறது. பூட்டிய மருந்துக்கடை ஒன்றில் ஜோனா ஒரு டப்பா கண்டுபிடித்தார். ஜாடியில் போட்டதும் நீலம் மெதுவாக அடியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊரில் இப்போது வேறு எங்கும் அந்த நிறம் இல்லை.

கன்னிமாடத்தில் மூன்று சகோதரிகள் ஒரே வாரத்தில். சவப்பெட்டிக்கு லூயிவில்லுக்குத் தந்தி அனுப்பினேன். சின்ன அளவும் வேண்டும் என்று சேர்த்தேன்.

நீ கேட்டதற்கு: களைத்துப்போனால் கை மாறும். எல்லோருக்கும் மாறும்.

லவீனியாவிடம் இதுவரை என்ன சொல்லி வந்தாயோ அதையே சொல்.

ஆடு வங்கியை விட்டுப் போய்விட்டது. எங்கே என்று தெரியவில்லை. தேடினேன்.

ஆக்னஸ்


ப்ளம் க்ரீக்
23 செப்டம்பர், திங்கள்

ஆக்னஸ்,

ஆட்டைத் தேடினாயாம்.

லவீனியா மெம்ஃபிஸுக்குக் கிளம்புகிறாள். சனிக்கிழமை காலை, ஐஸும் மருந்தும் ஏற்றிவரும் நிவாரண ரயிலில். அது இங்கே தண்ணீர் பிடிக்க நிற்கும். ரயில் ஆட்களிடம் பேசிவிட்டாள். உள்ளே வருகிறவர்களைத்தான் ஊர் தடுக்கும், போகிறவர்களைத் தடுக்காது; பெட்டி தூக்கக்கூட உதவுவார்கள்.

ஏன் தெரியுமா? அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாதி ஊருக்குமேல போயிடுச்சு. அவரு மட்டும் அசையாம இருக்காரு. ஒரு நாள்கூடத் தவறல. அப்ப அந்த ஆபீசுக்குள்ள காய்ச்சல் வராதுன்னுதானே அர்த்தம்? இங்க ஆயிரம் பேரு மொறைக்கிறதுக்கு நடுவுல பெத்துக்கிறதவிட அவரு பக்கத்துல பெத்துக்கிறேன்."

பார்த்தாயா? அந்தக் குறி ஒரு நாள் தவறியிருந்தால் அழுதிருப்பாள். தவறாததால் வருகிறாள்.

போகாதே என்றேன். குதிரைக்கு முன்னால் நிற்பது போல வாசலில் நின்றேன். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். என்ன தெரியும் எனக்கு? ஒரு தயக்கத்தின் அளவு தெரியும். தங்கையின் கரண்டி தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒருத்தியிடம் உன் புருஷன் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை நான் தவறாக இருந்தால்?

நான் சொன்னால் நம்பமாட்டாள். கம்பி சொன்னால் நம்புவாள். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

வின்னி


மெம்ஃபிஸ்
27 செப்டம்பர், வெள்ளி

வின்னி,

உன் கடிதம் இன்று மதியத்துக்குமேல் வந்தது. இப்போது விளக்கு ஏற்றியாயிற்று. இடையில் நடந்ததை நீ கேட்டுக்கொண்டிருந்தாய். கேட்க முடியாததை எழுதுகிறேன்.

எலைஷா பர்டெட் எட்டாம் தேதி இறந்தார். நாலாம் தேதித் தலைவலி வெயில் இல்லை. மறுநாள் அலுவலகத்தின் பின்னறைக் கட்டிலில் படுத்தார். மாலை ஆனதும் என்னைக் கூப்பிட்டார். "தெரிஞ்சா கெளம்பி வந்துடுவா, மிஸ் டெவ்லின். நான் எழுந்திருக்கிற வரைக்கும் ஏழு மணிக்கு நீங்களே என் குறிய அடிச்சிடுங்க. ரெண்டு நாள்தான்."

அடித்தேன். அவர் போல. பின்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "நான் அப்படியா அடிக்கிறேன்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நீ சொன்னது சரி.

எட்டாம் தேதி மதியம் போனார். ஜோனாவும் இன்னொருவரும் வண்டியில் ஏற்றினார்கள். மாலை ஏழு மணி வந்தது. கை விசையில் இருந்தது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். தெரிந்தது. இசட் அடித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டதால் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு பெண் மட்டும் இருக்கிறாள் என்று தெரிந்தால் தலைமை அலுவலகம் மெம்ஃபிஸை மூடிவிடும், ஐஸ் கேட்கவும் சவப்பெட்டி கேட்கவும் வழி இருக்காது என்றும் சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை. ஆனால் அதற்காக நாலாவது புள்ளிக்கு முன்னால் அவ்வளவு கவனமாகத் தயங்க வேண்டியதில்லையே. அவர் குறியை அடிக்கும் நேரத்தில் இந்த அறையில் இரண்டு பேர் இருந்தோம், வின்னி. அவ்வளவுதான். எல்லோரும் போன பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டேன் அல்லவா. இப்படி இருக்கும்.

லவீனியாவைக் காப்பதாக நினைத்த நேரம் எதுவும் இல்லையா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருக்கலாம். முதல் இரண்டு நாள்.

போன வாரம் கிடங்குக்கு ஒரு செய்தியை எழுதி ஜோனாவிடம் கொடுத்தேன். கீழே பழக்கத்தில் பர்டெட் பெயர். படித்துவிட்டு நின்றார்.

"ஐயா பேரு போட்டிருக்கே."

"ஆமாம்."

"கால் பக்கம் புடிச்சது நான்தாம்மா." காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல. நல்லா ஒழைக்கிறாரு," என்றார். சிரிக்கவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்று ஏழு மணிக்கு வரிசையைத் திறந்தேன். இசட். என் கையிலேயே அடித்தேன், எங்கும் தயங்கவில்லை. பிறகு முப்பது. பிறகு என் குறி.

பிறகு லூயிவில் தன் குறியைத் தந்தது. அடுத்த ஸ்டேஷன். அடுத்தது. உங்கள் முறை வந்தது. ப்ளம் க்ரீக் குறியைத் தரவில்லை. திரும்ப அனுப்பு என்றது.

அது உன் கை இல்லை. எழுத்துக்கு எழுத்து விழுந்து எழுந்தது, குழந்தை நடப்பது போல. வரிசை முழுக்கக் காத்திருந்தது. திரும்ப அனுப்பினேன். வாழ்நாளில் இரண்டு முறை அனுப்பக் கூடாத ஒன்றை.

யார் அது?

ஆக்னஸ்


ப்ளம் க்ரீக்
28 செப்டம்பர்

ஆக்னஸ்,

நேற்று திரும்ப அனுப்பு என்று கேட்ட கை யாருடையது என்று யோசித்திருப்பாய். அவள்தான்.

இசட்டும் முப்பதும் வந்ததும் நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் என் முகத்தைத்தானே படித்துக்கொண்டிருந்தாள். முதுகிலேயே படித்துவிட்டாள்.

"எனக்குப் புரியல. இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க," என்றாள். நான் விசையைத் தொட்டபோது என் கையை நகர்த்தினாள். "நான் கேக்கறேன். எப்படின்னு சொல்லுங்க." அவள் விரலைப் பிடித்து எங்கே நீளம், எங்கே குட்டை என்று சொன்னேன். அமோஸ் வெளியே போய்விட்டார்.

நீ திரும்ப அனுப்பியதும், "இது யாரு அடிக்கிறது?" என்றாள். என் தங்கை என்றேன். "இதுக்கு முன்னாடி?" அதுவும் என் தங்கை என்றேன். ஐந்தாம் தேதியிலிருந்தா, ஆறாம் தேதியிலிருந்தா, எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் அழவில்லை. "அத்தனை ராத்திரியும் நான் நல்லாத் தூங்கினேன்," என்றாள். அதைச் சொன்ன விதத்தை எழுத எனக்கு வராது. உன்னை மன்னித்தாளா என்று கேட்காதே; கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. நானும் அதே வார்த்தையைத் தினமும் சொன்னவள்தானே. சந்தேகம் வந்த பிறகும் சொன்னேன்.

இன்று காலை நிவாரண ரயில் வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிற்று. அவள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். இறங்கிவரவில்லை. பிறகு பெட்டியிலிருந்த துணியை எடுத்து மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

மதியம் கீழே வந்து ஒன்று கேட்டாள். அதை உனக்கு எழுதச் சொன்னாள். அவரோடு யார் இருந்தது? கடைசியாக என்ன சொன்னார்? அழகுபடுத்த வேண்டாம் என்றாள்.

அமோஸ் இன்னொரு பாஸ் வாங்கியிருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை ஏறி உட்கார்ந்தால் ஜன்னல் வழியே பார்க்காதே. உனக்கு வந்தது தட்டம்மை, ஆக்னஸ். சத்தியமாகத் தட்டம்மை.

வின்னி


மெம்ஃபிஸ்
4 அக்டோபர்

வின்னி,

லவீனியாவிடம் இதைப் படித்துக் காட்டு.

நான் இருந்தேன். ஜோனா பாதி நேரம் இருந்தார். கடைசி நாளில் உங்கள் கணவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. விரலால் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைத் தட்டவில்லை. அழகுபடுத்த வேண்டாம் என்றீர்கள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டினார். கம்பியில் ஒன்று என்றால், கொஞ்சம் பொறு. செய்தி வந்துகொண்டிருக்கும்போது இன்னொரு வேலை குறுக்கிட்டால் அதைத்தான் அடிப்போம்.

யாரைப் பொறுக்கச் சொன்னார் என்று தெரியவில்லை. வந்துகொண்டிருந்ததையா, உங்களையா, என்னையா? இரவும் பகலும் யோசித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியலாம். தெரிந்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றில்லை.

இனி உனக்கு, வின்னி. தலைமை அலுவலகம், மெம்ஃபிஸில் யார் என்று கேட்டது. ஒரே ஆள், பெண் என்றேன். வெகுநேரம் யோசித்தார்கள். உறைபனி விழுந்து காய்ச்சல் அடங்கியதும் ஆள் அனுப்புவதாகவும் அதுவரை முடிந்தால் இருக்கும்படியும் பதில் வந்தது. முடியும் என்றேன். தட்டம்மையாகவே இருக்கட்டும். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

பாஸைத் திருப்பி அனுப்புகிறேன். ஓட்டை குத்தித்தான் வரும். பயணம் செய்தது போலவே இருக்கும். அமோஸிடம் காட்டிச் சமாளி.

இன்று காலை தெருவில் ஒரு பெண் வாசல் கூட்டினாள். பார்த்துக்கொண்டே நின்றேன். அவளும் என்னைப் பார்த்தாள், இவள் யார் என்பது போல.

ஜோனா இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். ஜாடிகளில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். கருவி கூப்பிட்டது. யார் என்று கேட்டது. விசையைத் திறந்து என் குறியான ஏ-யை அடித்தேன்: ஒரு புள்ளி, ஒரு கோடு.

ஆக்னஸ்